பொய்யிரை: ஒரு மர மீனின் வரலாறு

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்து மீண்ட பின்னர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கல்முனைக் கரையோரமெங்கும் இழப்புப் படிவங்கள் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தன. பெரியநீலாவணைக்கும் மருதமுனைக்கும் இடைப்பட்ட கரையில், இடிந்துபோன சுவரொன்றின் நிழலில் அமர்ந்து, எழுதத் தெரியாத முதிய மீனவர் ஒருவருக்காக நானும் ஒரு படிவத்தை நிரப்பினேன். தோணி, எஞ்சின், வலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடு இருந்தது. அவற்றை எழுதி முடித்து, "வேற என்ன காக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு தகரப் பெட்டி" என்றார். அதனுள் இருந்தவை தூண்டில்கள், ஈயக் குண்டுகள், சேவல் இறகுகள், வெள்ளித்தாள் சுற்றிய தகட்டுத் துண்டுகள். உயிருள்ள இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டுவதற்கென நாற்பது வருடங்களாக அவர் தம் கையாலேயே செய்து சேர்த்த பொய்யிரைகள் அவை. "அத எந்தக் கூட்டுக்குள்ள எழுதுற, தம்பி?" என்று அவரே கேட்டார். அப்படிவத்தில் அதற்குரிய இடம் இருக்கவில்லை. எழுதாமலேயே கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கேள்வி இன்றும் என்னிடம் இருக்கிறது. மீனவரின் வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் தோணியின் வரலாறாகவும் வலையின் வரலாறாகவுமே அமைந்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்கு வரலாறு உண்டா? உண்டு என்பதே நான் தேடிக் கண்ட விடை. அவ்வரலாற்றில் மிக விரிவாக எழுதப்பட்டிருப்பது மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்ட பொய்யிரையின் கதை. அது நம் கரையில் நிகழ்ந்த கதையன்று. ஆயினும் நம் கரையிலிருந்து நோக்கும்போது அது வேறொரு பொருளைத் தருகின்றது.

பெரியநீலாவணையை அறியாத வாசகருக்காகச் சிறு குறிப்பு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே வரும் வீதியில், கல்லாற்றைக் கடந்ததும் அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையாக அமைந்திருப்பது இவ்வூர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. தெற்கே கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், கரைவலையை இழுக்கும் கைகளும் தூண்டில் போடும் கைகளும் இரு சமூகத்துக்கும் உரியவை. கே. சின்னத்துரை என்ற இயற்பெயர் கொண்ட கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் புனைபெயரைப் பெற்றது இவ்வூரிலிருந்துதான். அவர் இப்பகுதி உழவர் வாழ்வை 'வேளாண்மை' என்ற காவியமாக எழுதினார். அவரது மறைவுக்குப் பின்னர் அது நூலாயிற்று. வயலுக்கு ஒரு காவியம் கிடைத்தது. கடலில் பிழைத்தவரின் தகரப் பெட்டிக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

பொய்யிரை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஏலியன் என்ற உரோமானியர் கிரேக்க மொழியில் எழுதிய விலங்குகள் பற்றிய நூலில் உள்ளது. மக்கெடோனியாவின் ஆறொன்றில் மீன்கள் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. அந்த ஈயைக் கையால் பிடித்தால் நிறம் கெட்டுவிடும். ஆகவே அங்குள்ளோர் தூண்டிலைச் சுற்றிச் செந்நிறக் கம்பளி நூலைக் கட்டி, அதில் சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு இறகுகளைச் சேர்த்தனர் என்கிறார் ஏலியன். நம் மீனவரின் பெட்டியில் இருந்ததும் சேவல் இறகே.

தமிழிலும் ஒரு குறிப்பு உண்டு. சூது பற்றிய அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர், தூண்டிலின் உலோகத்தை விழுங்கிய மீனைச் சூதில் வென்றவனுக்கு உவமையாக்குகிறார். உலோகத்துக்கு அவர் ஆண்ட சொல் 'பொன்'. பரிமேலழகர் அதை இரும்பு என்று கொண்டு, இரையினால் மறைக்கப்பட்ட இரும்பு என உரை கண்டார். உரையாசிரியரோடு மாறுபட எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இரை எதுவுமின்றி, உலோகத்தின் மினுக்கத்தையே இரையென நம்பி விழுங்கும் மீனைக் கடலில் கண்டவர்கள் அக்குறளை இன்னொரு விதமாகவும் படிக்கக்கூடும்.

அத்தகைய மீன் நம் அடுக்களைக்கு மிக நெருங்கியது. கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளில் சம்பலுக்கும் கறிக்கும் இடிக்கப்படும் மாசி, மாலைதீவிலிருந்து நூற்றாண்டுகளாக இலங்கைக்கு வந்துகொண்டிருக்கும் பண்டம். மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் காஸியாகப் பணியாற்றி, 1344இல் இலங்கைக்கும் வந்த இப்னு பதூதா, அங்கு மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்துவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாவதையும் பதிவு செய்திருக்கிறார்.

அந்தச் சூரை மீனை மாலைதீவினர் பிடிக்கும் முறை வியப்புக்குரியது. மீன்கூட்டத்தைக் கண்டதும் தோணியில் உயிருடன் வைத்திருக்கும் சிறு மீன்களைக் கடலில் எறிவர். நீரை அள்ளித் தெளித்துக் கடற்பரப்பைக் கலக்குவர். வெறிகொண்டு பாயும் சூரையின் நடுவே, நீண்ட கழியில் கட்டிய பளபளக்கும் தூண்டிலை இடுவர். அதில் இரை இல்லை. கவ்விய மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளும் இல்லை. மினுங்கும் உலோகத்தைச் சிறுமீன் என்று கவ்விய சூரையைக் கழியோடு தூக்கித் தோணிக்குள் வீசினால், அது தானே கழன்று விழும். அடுத்த கணம் தூண்டில் மீண்டும் கடலில் இருக்கும். ஆக, மாசிச் சம்பல் உண்ணும் ஒவ்வொருவரும் ஒரு பொய்யிரையின் பயனை உண்கிறார்.

மினுக்கத்தோடு மரத்தையும் சேர்த்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். மரத்தண்டின் உட்புறத்தில் நீலமும் பச்சையுமாக ஒளிரும் பாவா சிப்பியின் ஓட்டைப் பதித்து, எலும்பாலான முனையைக் கட்டி, ஓடும் தோணியின் பின்னே இழுத்து மீன் பிடித்தனர். முழு உருவத்தையும் மரத்திலேயே செதுக்கும் கலையோ யப்பானில் வேறொரு வழியாகப் பிறந்தது.

யப்பானின் தென்பகுதியில் உள்ள அமாமி தீவுகளில் வழங்கும் கதை இது. இரவில் தீப்பந்தம் ஏந்தி மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் பந்தத்திலிருந்து எரிந்த மரத்துண்டு ஒன்று கடலில் விழுந்தது. மிதந்த அந்தக் கரிக்கட்டையை ஒரு கணவாய் வந்து தழுவிக்கொண்டது. அதைக் கண்டவர் மரத்துண்டை இறால் போலச் செதுக்கி, வாற்புறத்தில் மேல்நோக்கிய ஊசிகளைப் பொருத்தினார். கதை எவ்வாறாயினும், 'எகி' எனப்படும் இம்மரவிரை எடோ காலத்தில் அமாமியிலிருந்து இன்றைய ககோஷிமா பகுதிக்குப் பரவிற்று. அதன் பழைய அலங்காரம் வண்ணமன்று, நெருப்பு. இலேசான மரத்தைச் செதுக்கி, தீயில் வாட்டி, கருமையும் வெளிறலுமாகக் கோலமிட்டனர். எகியை அப்படியே நீரில் தொங்கவிட்டால் போதாது. சற்று இழுத்து, சற்று மூழ்கவிட்டு, துள்ளி ஓய்கின்ற இறாலாக அதை நடிக்கச் செய்ய வேண்டும். இன்று உலகெங்கும் விற்பனையாகும் இறால் வடிவப் பிளாஸ்டிக் கணவாய்த் தூண்டில்களுக்கெல்லாம் மூதாதை அந்தக் கருகிய மரத்துண்டே.

அமெரிக்காவில் இக்கலை தொழிற்சாலை ஏறியது. மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் என்ற சிற்றூரில் தேனீ வளர்த்துவந்தவர் ஜேம்ஸ் ஹெடன். 1898ஆம் ஆண்டளவில் ஒருநாள், ஊரின் ஆலைக்குளத்தருகே நண்பருக்காகக் காத்திருந்த வேளையில், கையிலிருந்த மரத்துண்டைப் பேனாக்கத்தியால் சீவிக் குளத்தில் எறிந்தார். ஒரு மீன் பாய்ந்து வந்து அதைத் தாக்கியது என்பது அவ்வூர்க் கதை. ஹெடன் முதலில் மரத்தில் தவளைகளைச் செதுக்கினார். 1902இல் குடும்ப நிறுவனம் தொடங்கியது. அந்த முதல் தவளைகளில் எஞ்சியிருக்கும் சில, இன்று சேகரிப்பாளர் பெரும் விலை கொடுத்து வாங்கும் அரும்பொருட்கள்.

ஹெடன் நிறுவனத்தின் சிறப்பு வண்ணத்தில் இருந்தது. மரத்தைக் கடைந்து, ஈரம் புகாதபடி அடைப்பு மேற்பூச்சுப் பூசி, அதன்மேல் பல படைகளாக வெண்மையும் நிறமும் ஏற்றி, கண்ணாடியாலான கண்களைப் பதித்தனர். 1910களின் பிற்பகுதியில் மீனின் செதில்களை உண்மைபோல் காட்டும் முறை ஒன்று அவர்களுக்கு வாய்த்தது. மர மீனின்மேல் மெல்லிய வலைத்துணியை இறுக்கி விரித்து, அதன்மேல் சாயத்தைத் தெளிப்பர். துணியை நீக்கினால் வலைக்கண்ணின் வடிவில் செதில்கள் தெரியும். மீனைப் பிடிக்கும் வலையே பொய் மீனின் தோலையும் வரைந்தது.

இக்கதைகள் அனைத்திலும் என்னை மிகவும் கவர்ந்தவர் பின்லாந்தின் லௌரி ரபாலா. 1905இல் பிறந்த அவர், பெய்யானே ஏரிக்கரையில் மரம் வெட்டியும் பண்ணைக் கூலிவேலை செய்தும் மீன் பிடித்தும் பிழைத்த ஏழை. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் சிறு மீனைக் குத்தி ஏரியில் விடுவது அவரது தொழில். இரை குத்துவதிலேயே பொழுது கழிந்தது. தோணி வலித்தபடி அவர் நீருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய மீன், சிறுமீன் கூட்டத்தினுள் புகும்போது எல்லா மீன்களையும் துரத்துவதில்லை. கூட்டத்தில் சற்றே நொண்டி நீந்தும் மீனையே அது தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கண்டார்.

1936இல் அவர் செய்த முதல் பொய்மீன் அந்த நொண்டலின் நகல். சப்பாத்துத் தைப்போர் பயன்படுத்தும் கத்தியால் தக்கையைச் செதுக்கினார். வெள்ளி நிறத்துக்கு சொக்கலேற்றும் பாற்கட்டியும் சுற்றிவரும் ஈயத்தாளை ஒட்டினார். மேற்பூச்சு வாங்கப் பணமில்லை. ஆகவே பழைய புகைப்படச் சுருளை உருக்கி அதன்மேல் பூசினார். பிற்பாடு பைன் மரப்பட்டையையும், பின்னர் பல்சா மரத்தையும் பயன்படுத்தினார். அவரது இரை நாளொன்றுக்கு 600 இறாத்தல் வரை மீன் பிடித்துத் தந்தது என்பர். மகன்மாரும் தொழிலில் சேர்ந்தனர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்கு வந்தோர் சிலர் அவ்விரைகளை அயல்நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். 1962 ஆகஸ்டில், அண்மையில் மறைந்த மர்லின் மன்றோவை அட்டையில் தாங்கி வெளிவந்த 'லைஃப்' சஞ்சிகை இதழில் ரபாலாவின் மரமீன் பற்றிய கட்டுரையும் இடம்பெற்றது. அவ்விதழ் பெருந்தொகையாய் விற்றதனால், முப்பது இலட்சம் வரை மரமீன்கள் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. 1974இல் ரபாலா இறந்தபோது, உலகமெங்கும் அவர் பெயர் ஒரு பொருளின் பெயராகியிருந்தது.

இத்தகைய மரமீன் நீரில் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரம் இலேசானதாகவும் நார் நேராக ஓடுவதாகவும் இருத்தல் வேண்டும். வயிற்றுப்புறத்தில் சிறிது ஈயம் வைத்தால்தான் அது கவிழாமல் நிற்கும். வாயின் கீழே சாய்வாகப் பொருத்தப்படும் சிறு தகடு முக்கியமானது. இழுக்கும்போது நீர் அத்தகட்டை மோதி, மீனின் தலையைக் கீழே அமுக்கும். நீர் ஒருகணம் இடப்புறமாகவும் மறுகணம் வலப்புறமாகவும் வழுக்கி விலகுவதால் உடல் நெளியும். தகட்டின் சாய்வு சற்றே மாறினால் மீன் சுழலும், அல்லது அசையாத கட்டையாக வரும். ஒரே அச்சில் செய்த இரண்டும் ஒன்றுபோல் நீந்துவதில்லை. ஆதலால் செய்தவர் ஒவ்வொன்றையும் நீரில் இழுத்துப் பார்த்து, கம்பி வளையத்தை மயிரிழை அளவு வளைத்துச் சீர்செய்தல் வேண்டும்.

வண்ணத்துக்கும் ஒரு நியதி உண்டு. சாளையையும் நெத்தலியையும் கவனித்துப் பாருங்கள். முதுகு கருமை, வயிறு வெண்மை. மேலிருந்து நோக்கினால் ஆழத்தின் இருளோடும், கீழிருந்து நோக்கினால் வானத்தின் ஒளியோடும் அது கலந்துவிடும். வண்ணம் தீட்டுவோர் இந்த ஒழுங்கைப் பின்பற்றி, வெள்ளை அடிப்பூச்சின்மேல் முதுகை நோக்கிப் படிப்படியாக இருளேற்றுவர்.

ஆனால் இங்குதான் ஒரு கேள்வி எழுகிறது. நீர், சூரிய ஒளியின் சிவப்பையே முதலில் விழுங்குகிறது. ஏறத்தாழ பத்து மீற்றர் ஆழத்தில் செந்நிறப் பூச்சு வெறும் கருமையாகவே தோன்றும். கணவாயின் செய்தி இதைவிட விந்தையானது. கணவாய் இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒரேயொரு வகை நிறமியே உள்ளது. நம்மைப்போல் அவை நிறங்களைப் பிரித்தறிவதில்லை என்பது அறிவியலாளர் முடிவு. ஒளியையும் இருளையும், நாம் காணாத ஒளிமுனைவையும் அவை நுட்பமாகக் காண்கின்றன. அவ்வாறாயின், கடையில் வரிசையாகத் தொங்கும் செம்மஞ்சளும் ஊதாவும் இளஞ்சிவப்புமான பிளாஸ்டிக் இறால்கள் யாருக்காக நிறம் பூண்டிருக்கின்றன? அவை முதலில் பிடிக்க வேண்டியது, கடைக்கு வரும் மனிதரை. கரிக்கோலமிட்ட பழைய மர எகி, கருமையும் வெளிறலுமாய் மாறி மாறித் தெரிந்ததனால், கணவாயின் கண்ணுக்குத் தேவையானதை மட்டும் கொண்டிருந்தது. அதைச் செய்தவர் கணவாயின் கண்ணை ஆராய்ந்தவர் அல்லர். கணவாயின் முன்னால் தினமும் அமர்ந்திருந்தவர்.

ரபாலாவின் வரலாறும் இதையே சொல்கிறது. அவர் மீன்போன்ற உருவத்தைச் செய்ததனால் வெல்லவில்லை. நோயுற்ற மீனின் நடையைச் செய்ததனால் வென்றார். ஈயத்தாளும் உருக்கிய சுருளும் ஏழ்மையின் கைப்பொருட்கள். ஆனால் பல வருடங்கள் நீருக்குள் பார்த்துப் பெற்ற அறிவு ஏழ்மையன்று. பொய்யிரையின் விலைமதிப்பற்ற பகுதி அந்தப் பார்வைதான். அது பெட்டியில் கிடக்கும் மரத்திலோ தகட்டிலோ இல்லை. ஆயினும் அந்த மரமும் தகடும் அழிந்தால், பார்வைக்கிருந்த ஒரே எழுத்துச் சான்றும் அழிந்துபோகிறது.

நம் கரைக்குத் திரும்புவோம். 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கடற்றொழிலில் இயந்திரப் படகுகளும் நைலான் வலைகளும் புகுந்தன. அதை நான் குறைகூற மாட்டேன். பருத்தி வலையை உலர்த்திப் பொருத்திக் களைத்த கைகளுக்கு நைலான் ஒரு விடுதலை. ஆயினும் வலை பெருகப் பெருகத் தூண்டிலின் நுட்பம் முதியோரிடம் ஒதுங்கியது. பின்னர் போரும், கடலுக்குப் போகத் தடைகளும் வந்தன. அதன்மேல் ஆழிப்பேரலை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனிதரையே எண்ணி முடிக்க இயலாதிருந்த அந்நாட்களில் தகரப் பெட்டிகளை யார் எண்ணுவர்? நிவாரணமாகப் படகுகளும் வலைகளும் வந்தன. பெட்டிக்குள் இருந்ததை எந்த நாட்டாலும் அனுப்ப இயலாது.

டவாஜியாக்கில் மரத்தவளைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ரபாலாவின் கத்தியும் ஈயத்தாளும் நூல்களில் ஏறிவிட்டன. அவர்களும் நம்மவர்போல் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்தவர்களே. வேறுபாடு ஒன்றுதான். யாரோ ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிவைத்தார். ஒரு பத்திரிகையாளனாக அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. இத்தனை வருடங்களாக இக்கரையின் மோதல்களையும் தேர்தல்களையும் வெள்ளங்களையும் செய்தியாக்கினேன். அறுக்குளாவுக்கு எவ்விறகு, பாரைக்கு எத்தகடு, எந்த மாதத்தில் எவ்வேகத்தில் இழுக்க வேண்டும் என்று ஒருநாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அன்று படிவத்தை நிரப்பிய பின் அம்முதியவரிடம் அப்பெட்டியைப் பற்றி மேலும் கேட்டிருக்கலாம். அவருக்குப் பின்னே நீண்ட வரிசை நின்றது. என் கையில் வேறு படிவங்களும் இருந்தன. அவர் எழுந்து சென்றுவிட்டார். சில வருடங்களின் பின் அவ்வழியே போனபோது, அவர் இறந்துவிட்டதாக அறிந்தேன்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இதைப் படிக்கும் நம் கரையோரத்தவர் பலரின் தந்தையரும் பாட்டன்மாரும் கடலுக்குப் போனவர்கள். அவர்களுள் ஒருவரேனும் இன்னும் உயிருடன் இருப்பாராயின், அடுத்த தொலைபேசி அழைப்பில் அவர் எதைக் கொண்டு, எந்த மீனை ஏமாற்றினார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னவாறே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். படிவத்தில் இல்லாத அந்தக் கூட்டை நாம்தான் வரைய வேண்டும்.